கருவியும் களமும்: பள்ளி மாவட்டங்களின் தொழில்நுட்ப ஆயத்தநிலை – ஓர் ஆய்வு

முன்னுரை

பள்ளிகளுக்குக் கணிப்பொறிகள் வழங்கும் விழாக்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மேடையில் பெரியோர் வீற்றிருப்பர். நன்கொடையாளர்க்குப் பொன்னாடை போர்த்தப்படும். மாணவர் கைதட்டி மகிழ்வர். ஆயின் விழா முடிந்து ஈராண்டு கழித்து அதே அறையைத் திறந்து பார்ப்போர் மிகச் சிலரே. அவ்வாறு பார்க்கும் வாய்ப்பு ஊரகப் பள்ளி ஒன்றில் நமக்குக் கிட்டியது. பத்துக் கணிப்பொறிகள் தூசு படியாதவாறு துணியால் மூடப்பட்டிருந்தன. அவ்வறையின் சுவரில் இருந்த பிளக் பாயின்டுகளோ இரண்டே! கொடுத்தவரின் உள்ளத்தில் குறையில்லை. பெற்ற தலைமையாசிரியரின் ஆர்வத்திலும் குறையில்லை. வாங்குவதற்கு முன் அந்த அறையை எவரும் சென்று பார்க்கவில்லை என்பதே குறை.

ஒரு பள்ளியோ பல பள்ளிகள் அடங்கிய ஒரு மாவட்டமோ புதிய கருவிகளை ஏற்றுப் பயன்கொள்ளும் நிலையில் உள்ளதா என்று முன்கூட்டியே ஆராய்ந்து அறிவதைத் ‘தொழில்நுட்ப ஆயத்தநிலை மதிப்பீடு’ எனலாம். அம்மதிப்பீட்டில் எவற்றைக் கேட்க வேண்டும், எவ்வாறு கேட்க வேண்டும், கிடைத்த விடையைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

எண்ணிக்கை காட்டுவதும் காட்டாததும்

இந்தியப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியின் தொடக்கத்தை 1984-ஆம் ஆண்டில் காணலாம். அவ்வாண்டு நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தின்கீழ் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. அன்று தொட்டு இன்றுவரை நாம் பெரிதும் கேட்கும் கேள்வி, ‘எத்தனை பள்ளிகளில் கணிப்பொறி உள்ளது?’ என்பதேயாகும்.

நடுவண் கல்வி அமைச்சகம் வெளியிடும் ‘யு-டைஸ் பிளஸ்’ என்னும் ஆண்டுப் புள்ளிவிவரம் இக்கேள்விக்கு விடை தருகிறது. 2023-24-ஆம் கல்வியாண்டில் நாட்டின் பள்ளிகளுள் ஏறத்தாழ 57 விழுக்காட்டில் கணிப்பொறி வசதி இருந்தது; 2024-25-இல் அஃது ஏறத்தாழ 65 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே. எனினும், ‘உள்ளது’ என்னும் சொல், ஒரு மாணவனின் விரல் விசைப்பலகையில் எவ்வளவு நேரம் படுகிறது என்பதைக் கூறாது.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். ஒரு வகுப்பில் 40 மாணவர். அறையில் இருப்பன 10 கணிப்பொறிகள். அவற்றுள் இயங்குவன 8. எனவே ஐவருக்கு ஒரு கருவி. வாரத்திற்கு இரு பாடவேளை. ஒவ்வொன்றும் 40 நிமிடம். மொத்தம் 80 நிமிடங்களை ஐவர்க்குப் பகிர்ந்தால் ஒருவர்க்குக் கிடைப்பது வாரத்திற்கு 16 நிமிடம். ஓராண்டில் 40 வாரங்கள் பள்ளி நடந்தாலும் 11 மணி நேரத்திற்கும் குறைவே. அதுவும் முன்வரிசை மாணவன் தன் முறை முடிந்ததும் எழுந்து வழிவிட்டால்தான்! புள்ளிவிவரத்தில் இப்பள்ளி ‘கணிப்பொறி உள்ள பள்ளி’. கடைசி வரிசையில் அமர்ந்த மாணவியின் பார்வையில் அது வேறொன்று. மதிப்பீடு என்பது அம்மாணவியின் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நம் துணிபு.

ஒரு பெருநகர் கற்ற பாடம்

அமெரிக்க நாட்டில் ‘பள்ளி மாவட்டம்’ என்பது தனி ஆட்சியமைப்பாகும். பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழு அதனை நடத்தும். தனக்கென வரவுசெலவுத் திட்டமும் உண்டு. கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டம் அந்நாட்டில் இரண்டாவது பெரியது. 2013-ஆம் ஆண்டில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர் அதில் பயின்றனர். அவர்கள் அனைவர்க்கும் ஆளுக்கொரு ஐபேட் வழங்குவது எனவும், அதனுள் பாடங்களையும் நிறைத்துத் தருவது எனவும் அம்மாவட்டம் திட்டமிட்டது. வலையமைப்புப் பணிகளையும் சேர்த்து நூறு கோடி டாலருக்கு மேல் செலவாகும் என மதிப்பிடப்பட்டது. முதற்கட்டத்திற்குரிய சுமார் 3 கோடி டாலர் ஒப்பந்தத்திற்கு 2013 சூன் திங்களில் ஒப்புதல் கிடைத்தது.

நோக்கம் உயர்ந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை பெற்றிருக்கும் கருவியை ஏழை வீட்டுப் பிள்ளையும் பெறவேண்டும் என்பதே அது. நிகழ்ந்தது என்ன? கருவிகள் கைக்கு வந்த சில நாள்களிலேயே மாணவர் சிலர் பாதுகாப்புத் தடையைக் கடந்து தாம் விரும்பிய தளங்களுக்குச் சென்றனர். கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. கருவி தொலைந்தால் பொறுப்பு பெற்றோருடையதா, பள்ளியுடையதா என்பதில் தெளிவில்லை. விசைப்பலகை தனியே வாங்கப்பட வேண்டியதாயிற்று. பாடங்களோ முழுமை பெறாதிருந்தன. பின்னர் நடந்த வெளியார் மதிப்பாய்வு ஒன்றில், பார்வையிடப்பட்ட 245 வகுப்பறைகளுள் ஒன்றில் மட்டுமே அப்பாடங்கள் பயன்படுத்தப்பட்டமை தெரியவந்தது. 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது.

இதில் வியப்பு என்னவெனில், முன்னாய்வின் தேவையை அந்நாடு முன்னரே அறிந்திருந்தது என்பதாகும். பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் குறைந்த கட்டணத்தில் இணைய வசதி கிடைக்க, 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்வழி ‘இ-ரேட்’ என்னும் உதவித் திட்டம் அங்கே உருவாயிற்று. உதவி கோரும் பள்ளிகள் முதலில் தொழில்நுட்பத் திட்டம் ஒன்றினை வரைந்து ஒப்புதல் பெறவேண்டும் என்று தொடக்கத்தில் விதி இருந்தது. நோக்கம், ஆசிரியர் பயிற்சி, தேவை மதிப்பீடு, நிதி ஏற்பாடு, பின்னாய்வு என்னும் ஐந்தும் அதில் இடம்பெற வேண்டும். 2014-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் இக்கட்டாயம் நீக்கப்பட்டதெனினும், அவ்வைந்து கூறுகளும் இன்றும் எவர்க்கும் பயன்படும் பட்டியலேயாகும்.

வள்ளுவர் வகுத்த அளவுகோல்

இத்தகைய முன்னாய்வு நமக்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசன் போர்மேற் செல்வதைக் கருதியன எனினும், எச்செயலுக்கும் பொருந்தும் தன்மையன. மேற்கொள்ளும் வினையின் வலி, தன்னுடைய வலி, எதிர்நிற்பவரின் வலி, துணையாவோரின் வலி ஆகிய நான்கினையும் சீர்தூக்கிய பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பது வலியறிதலின் சாரம். இந்நான்கினையும் காலம், இடம் ஆகிய இரண்டனையும் அளவுகோலாகக் கொண்டு பள்ளிகளின் ஆயத்தநிலையை மதிப்பிடலாம்.

வினையின் வலி: கருவியால் செய்யவிருப்பது யாது என்பது முதற்கேள்வி. பெரு நாட்டின் பட்டறிவு இங்கு நினைவுகூரத் தக்கது. ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்னும் இயக்கத்தின்வழி அந்நாட்டு ஊரகத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 319 பள்ளிகளில் மேற்கொள்ளப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வு, மாணவர்க்கும் கணிப்பொறிக்கும் இடையிலான விகிதம் 0.12-இலிருந்து 1.18-ஆக உயர்ந்ததைக் காட்டியது. ஆயினும் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. கருவி வந்தது, அக்கருவியால் எப்பாடத்தை எவ்வாறு கற்பிப்பது என்னும் வினைத்திட்டம் உடன் வரவில்லை. ‘எட்டாம் வகுப்பு மாணவர் தமிழில் ஒரு பக்கக் கடிதத்தைத் தாமே தட்டச்சுச் செய்து திருத்த வேண்டும்’ என்பது போன்று நோக்கம் தெளிவாக இருப்பின், எத்தனை கருவி, எத்தனை மணி நேரம் என்பதும் தெளிவாகும்.

தன் வலி: கட்டடம், மின்சாரம், இணைய இணைப்பு, ஆசிரியர் ஆகியன பள்ளியின் சொந்த வலிமை. திரையுடன் கூடிய மேசைக் கணிப்பொறி ஒன்றுக்கு ஏறத்தாழ 150 வாட் மின்சாரம் தேவை எனக் கொண்டால், இருபதுக்கு 3,000 வாட் தேவை. விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் இழுக்கப்பட்ட பழைய ஒயரிங் இச்சுமையைத் தாங்குமா என்பதை மின்பணியாளர் ஒருவர் அரைநாளில் கூறிவிடுவார். எர்த் இணைப்பு உண்டா? மின்சாரம் தடைப்பட்டால் யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும்? மழைக்காலத்தில் கூரை ஒழுகுமா? கதவுக்கும் சன்னலுக்கும் உறுதியான பூட்டு உண்டா? இணையத்தைப் பொறுத்தவரை, ஆயிரம் மாணவர்க்கு நொடிக்கு 100 மெகாபிட் வேகம் என்பதனை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2014-இல் குறுகிய கால இலக்காக வகுத்தது. நம் பள்ளிகளில் அவ்வேகம் இல்லையெனினும், இருபது மாணவர் ஒரே நேரத்தில் ஒரு காணொளியைப் பார்க்க முற்பட்டால் என்ன ஆகும் என்பதையேனும் செய்து பார்த்தல் வேண்டும்.

இவை அனைத்தினும் தலையாய வலி ஆசிரியரே. இயக்கத் தெரிதல் வேறு, கற்பிக்கத் தெரிதல் வேறு. கணிப்பொறியைத் திறந்து மூடப் பயிற்சி பெற்ற ஆசிரியர், அதனைக் கொண்டு அறிவியற் பாடம் நடத்தவும் பயிற்சி பெற்றுள்ளாரா என்பதைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

எதிர்நிற்பதன் வலி: இங்கே எதிரி என்பது மனிதர் அல்லர். தூசு, ஈரம், எலி, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, பழுது பார்ப்போர் தொலைவில் இருத்தல், ‘உடைந்தால் நாம்தானே பதில் சொல்ல வேண்டும்’ என்று ஆசிரியர் கொள்ளும் அச்சம் ஆகியனவே எதிர்நிற்பன. இவற்றுள் இறுதியில் கூறியதே மிகப் பெரிது எனலாம். பழுதுக்கான பொறுப்பும் செலவும் எவருடையவை என்பதை எழுத்தில் வரையறுத்தாலன்றி, பூட்டிய அறை திறக்கப்படாது.

துணையின் வலி: இதற்கு அண்டை மாநிலமாகிய கேரளம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், ஆசிரியர் பயிற்சிக்கு முதன்மை தந்தது. கட்டற்ற மென்பொருளை ஏற்று, மலையாளத்தில் பயன்படுமாறு அமைத்துக்கொண்டது. அத்திட்டமே 2017-இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. 2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள், கருவிகளைப் பேணும் பணியிலும் மாணவரையே துணையாக்கின. ஆண்டுகள் பல உழைத்து ஆளும் அமைப்பும் உருவான பின்னரே, 4,752 பள்ளிகளின் 45,000 வகுப்பறைகள் உயர்தொழில்நுட்ப வகுப்பறைகள் ஆயின. லாஸ் ஏஞ்சல்ஸில் கருவி முந்தியது. கேரளத்தில் களம் முந்தியது.

காலமறிதல்

லாஸ் ஏஞ்சல்ஸ் நிகழ்ச்சியில் எழுந்த கண்டனங்களுள் ஒன்று ஆழ்ந்து நோக்கத் தக்கது. பள்ளிக் கட்டடப் பணிகளுக்கென நீண்டகாலக் கடன்பத்திரங்கள் வாயிலாகத் திரட்டிய நிதி அங்குக் கருவி வாங்கப் பயன்பட்டது. கருவியின் ஆயுளோ சில ஆண்டுகளே. கருவி பழுதாகி ஒதுக்கப்பட்ட பின்னும் கடன் தொடரும். எனவே, வாங்கும் நாளில் உள்ள விலையை மட்டுமன்றி, அக்கருவி உழைக்கும் காலம் முழுமைக்குமான மின்கட்டணம், பழுதுநீக்கம், மின்கலம், மென்பொருள், ஆசிரியர் பயிற்சி, மாற்றுக் கருவி ஆகியவற்றின் செலவையும் கணக்கிடல் வேண்டும். ‘மூன்றாம் ஆண்டில் மின்கலம் மாற்றும் செலவை ஏற்பவர் யார்?’ என்னும் கேள்விக்கு விடையில்லையெனில், அப்பள்ளியின் ஆயத்தம் ஈராண்டுக்கு மட்டுமே உரியது.

இடனறிதல்

கல்வி நிகழும் இடம் பள்ளி மட்டுமன்று, வீடுமாகும் என்பதை 2020-ஆம் ஆண்டின் கொள்ளை நோய்க் காலம் உணர்த்திற்று. தமிழகத்தில் 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போது பெரிதும் கைகொடுத்தது. கேரளம் 2020 சூன் முதல் நாளன்று ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் தொலைக்காட்சி வகுப்புகளைத் தொடங்கியது. இணையத்தினும் தொலைக்காட்சி மிகுதியான வீடுகளில் இருந்தமையே அதனைத் தேர்ந்ததற்குக் காரணம். அவ்வாறாகியும், தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர் ஏறத்தாழ 2.6 இலட்சம் பேர் எனக் கணக்கெடுப்பு காட்டியது. அக்கணக்கு கையில் இருந்தமையால், நூலகம், அங்கன்வாடி முதலிய பொது இடங்களில் அவர்கட்கு வகுப்புகளைக் காண வழிசெய்ய இயன்றது.

‘வீட்டில் கைப்பேசி உள்ளதா?’ என்று கேட்டால் ‘உள்ளது’ என்ற விடையே வரும். ஆனால் அக்கைப்பேசி காலையில் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். மாலையில் வந்தால் அண்ணன் கையில் முதலில் சேருமா, தங்கை கையில் சேருமா? பெண்மக்கள் பலர்க்குக் கருவி வீட்டில் இருந்தும் கையில் இல்லை. இதனைத் தலைமையாசிரியரின் படிவத்தால் அறிய இயலாது. தாயாரிடமும் மகளிடமும் தனித்தனியே கேட்டால்தான் தெரியவரும்.

மொழியும் ஓர் இடமே. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் ‘தமிழ் 99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. இன்றும் தமிழ்வழி பயிலும் மாணவர் எத்தனை பேர் அதில் தட்டச்சுச் செய்ய அறிவர்? பள்ளிக் கணிப்பொறிகளில் தமிழ் எழுதும் வசதி இயக்கத்தில் உள்ளதா என்னும் வினா ஒவ்வொரு மதிப்பீட்டிலும் இடம்பெற வேண்டும் என்பது தமிழ்த்துறையினராகிய நம் வேண்டுகோள்.

ஒரு தடையும் விடையும்

‘மின்சாரம், ஆசிரியர், இணையம் எல்லாம் ஒழுங்காக அமைந்த பின்னரே கருவி தருவோம் என்றால், வசதி படைத்த பள்ளிகளே அதனைப் பெறும், ஏழைப் பள்ளி என்றென்றும் காத்திருக்குமன்றோ?’ எனச் சிலர் வினவலாம். இது நியாயமான தடை. மதிப்பீட்டைத் தேர்வாகக் கருதி, தேறிய பள்ளிக்குப் பரிசும் தேறாத பள்ளிக்கு மறுப்பும் தருவோமாயின் அவ்வாறே நிகழும். இருக்கும் ஏற்றத்தாழ்வு மேலும் பெருகும்.

ஆயத்தமில்லாத பள்ளி தகுதியில்லாத பள்ளி அன்று. மருத்துவர் நாடி பார்ப்பது நோயாளியைத் திருப்பி அனுப்புதற்கன்று. எம்மருந்தை முதலில் கொடுப்பது என அறிதற்கே. அதுபோல, ஆயத்தநிலை மதிப்பீடு ‘யாருக்குக் கொடுக்கலாம்’ என்று காட்டுவதற்கன்று; ‘யாருக்கு எதனை முதலில் கொடுக்க வேண்டும்’ என்று காட்டுவதற்கே. ஒரு பள்ளிக்கு முதற்கொடை கணிப்பொறியாக இருக்கலாம். மற்றொன்றிற்குப் புதிய ஒயரிங். வேறொன்றிற்குப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர். பட்டியலின் கடைசியில் நிற்கும் பள்ளிக்கே முதற்பணம் செல்ல வேண்டும். இக்கருத்தை விடுத்துச் செய்யப்படும் எம்மதிப்பீடும் தன் நோக்கத்தில் தவறியதேயாகும்.

மதிப்பீட்டை மேற்கொள்ளும் முறை

ஒரு மாவட்டத்தில் இப்பணியை மேற்கொள்வோர் நகர்ப்பள்ளி, சிற்றூர்ப்பள்ளி, அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மகளிர் பள்ளி என ஒவ்வொரு வகையிலும் சிலவற்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பள்ளி நடக்கும் நாளில் நேரிற் செல்ல வேண்டும். ‘எத்தனை உள்ளன?’ என வினவாது, ஒவ்வொரு கருவியையும் இயக்கிப் பார்த்து, இயங்குவனவற்றை மட்டும் எண்ண வேண்டும். ஒரு பாடவேளை முழுவதும் பின்வரிசையில் அமர்ந்து, மாணவர் ஒவ்வொருவர்க்கும் கிடைத்த நிமிடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோரைத் தனித்தனியே கேட்க வேண்டும். இறுதியில், ‘இன்றே பயன்படுத்தலாம்’, ‘சிறு பணிகள் முடிந்ததும் பயன்படுத்தலாம்’, ‘அடிப்படைப் பணிகள் முதலில் வேண்டும்’ எனப் பள்ளிகளை மூவகைப்படுத்தி, ஒவ்வொன்றிற்கும் உரிய முதற்பணியை எழுதிவைக்க வேண்டும். ஓராண்டு கழித்து அப்பள்ளிகட்கே மீண்டும் செல்லுதல் இன்றியமையாதது.

இவற்றுள் பெரும்பாலானவை பெருஞ்செலவோ உயர்ந்த நுட்ப அறிவோ வேண்டாதவை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், தம் ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் இதனைச் செய்து முடிக்கலாம்.

முடிவுரை

கருவிகளின் எண்ணிக்கை ஆயத்தநிலையின் அளவாகாது என்பதையும், வலி, காலம், இடம் ஆகியவற்றை ஆராய்ந்தே ஆயத்தநிலையை அறிய இயலும் என்பதையும், அவ்வாராய்ச்சி பின்தங்கிய பள்ளியை ஒதுக்குதற்கன்றி அதனை முற்படுத்துதற்கே பயன்பட வேண்டும் என்பதையும் இதுகாறும் கண்டோம்.

பள்ளிகளுக்கு வழங்கும் ஈகையுள்ளம் கொண்ட சமுதாயப் பெரியோர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோளுடன் இக்கட்டுரையை நிறைவு செய்கிறோம். பத்துக் கணிப்பொறிகள் வாங்கக் கருதிய தொகையில் ஆறு வாங்குங்கள். எஞ்சியதனை ஒயரிங்கிற்கும், யு.பி.எஸ்.ஸுக்கும், ஆசிரியர் பயிற்சிக்கும், மூன்றாம் ஆண்டின் பழுதுநீக்கத்திற்கும் ஒதுக்குங்கள். விழா மேடையில் ஆறு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஈராண்டு கழித்து அறைக்கதவைத் திறக்கும்போது, துணி மூடிய பத்தினும் மாணவர் சூழ்ந்த ஆறே பெரிது என்பது விளங்கும்.